மனமாற்றத்துக்குக் கடைசி நாள்

ஜூலை ஒன்று, மாலை ஐந்து மணி.
அதுவரை இந்த நாட்டில் பள்ளி முடித்த எவரும்
மனம் மாறலாம், கட்டணம் கிடையாது.
அதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள்,
பெயரே மனமாற்றப் படிவம்தான்.

பிப்ரவரியில் நான் எழுதியது:
ஒன்று, கணினி அறிவியல், லிமரிக்.
இரண்டு, இயந்திரப் பொறியியல், கால்வே.
மே மாதம் மாற்றிப் போட்டேன்.
மே மாதமே மறுபடியும்.
வேதியியல் தேர்வில், தாளின் ஓரத்தில்,
1 2 என்று எழுதி, 2 1 என்று எழுதி,
இரண்டையும் அடித்தேன்.

கோராஃபின் தாண்டும்போது
லாரியிலிருந்து அப்பா கூப்பிட்டார்:
"ரெண்டுமே கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற வேலைதானே, ப்ரோனா?"
இல்லை என்று தொடங்கினேன்.
சிக்னல் போய்விட்டது.
போனதும் நல்லதுக்குத்தான்,
இல்லைக்குப் பிறகு என்னிடம் வாக்கியம் இல்லை.

ஹெஹிர் பண்ணையில் எனக்கு இரவு வேலை.
அறுபத்து மூன்று மாடு, ஒரு ரோபோ.
மாடு தானாக வரும், நிற்கும்.
கழுத்துப்பட்டை எண்ணைச் சொல்லும்,
தீவனம் கொட்டும்,
லேசர் காம்பைத் தேடும், குவளை ஏறும்.
யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

முப்பதாம் தேதி, பின்னிரவு இரண்டே முக்கால்.
எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை.
பூனைதான் காட்டிக்கொடுத்தது.
முடிவெடுக்காதவளை மதில்மேல் பூனை என்பார்கள்;
இது மதிலில் இல்லை,
சிமென்ட் தரையில் வயிற்றைப் பரப்பி
வெள்ளையாய் ஓடுகிற ஒன்றை
அவசரமே இல்லாமல் நக்கிக்கொண்டிருந்தது.

திரையில்: நாற்பத்தொன்று. கறவை முடிந்தது. பிழை இல்லை.
தரையில்: நாற்பத்தொன்றின் பால்.

நிரல் பொய் சொல்லவில்லை.
அளவுமானிவரைதான் அதற்குக் கண்.
அதுவரை பதினொன்றரை லிட்டர்,
சொட்டு பிசகாமல் எண்ணியிருக்கிறது.
விரிசல் அதற்கு ஒரு சாண் அப்பால்.
குழாயையும் குற்றம் சொல்ல முடியாது.
ரப்பர். ஒன்பது வருட ரப்பர்.

இந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் ஒரு சாண் இடம்,
அதைத்தான் நான் படிக்க வேண்டும் என்று
காச்பருக்குச் செய்தி அனுப்பினேன்.
பெரிய கண்டுபிடிப்பு என்று நினைப்பு.
அவன் விழித்திருந்தான்:
"அதுக்குப் பேர் கணினிப் பொறியியல்.
கையேட்டில் பதினாலாம் பக்கம். தூங்கு."
சரி என்று அதை மூன்றாவதாகச் சேர்த்தேன்.

கமோகி மட்டையின் பிடியிலிருந்து நாடாவை உரித்து
குழாயில் சுற்றினேன், இழுத்து,
ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்தது ஏறும்படி.
கசிவு நின்றது.
உள்ளங்கையில் ஒரு சந்தோஷம்,
யாருக்கும் சொல்லத் தேவையில்லாதது.

அத்தோடு படுக்கப் போயிருக்கலாம்.
கழுவாத கையோடு
திரையின் பழைய பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளினேன்,
இதற்குமுன் எத்தனை பால் போயிருக்கும் என்று பார்க்க.
அதைப் பார்க்கவில்லை.
நாற்பத்தொன்று எப்போதும் பதினேழுக்குப் பின்னால் வந்திருக்கிறது.
இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் கழித்து.
ஜனவரியில், புயல் எச்சரிக்கை நாளில்,
இரண்டு வருடமாக,
கன்று ஈன்ற வாரங்களை விட்டால் ஒரு நாள் தவறாமல்.
ஹெஹிருக்கு இது தெரியாது.
ரோபோவுக்கும் தெரியாது,
எழுதி வைத்ததே அதுதான் என்றாலும்.
விடிந்தபோது நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்,
கால் மரத்து, பால் நாறி.

ஜூலை ஒன்று, நான்கு ஐம்பத்திரண்டு.
உங்கள் மனமாற்றம் பதிவாகிவிட்டது, நன்றி.
அப்பா: "எது முதல்ல?"
சொன்னேன்.
"அதுதானே முதல்லயும் முதல்ல இருந்துச்சு?"
ஆமாம்.
கொஞ்ச நேரம் லாரியின் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று இரவு நாடா காய்ந்திருந்தது.
இருந்தும் ஒரு விரலை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.
பதினேழு வந்து, கறந்து, போனது.
திரையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தேன்.
ஒரு நிமிடம்.
இரண்டு.
இருட்டில் முதலில் மூச்சு தெரிந்தது,
அப்புறம் நெற்றி,
அப்புறம் பட்டையில் தொங்கிய எண்.